இனாமாக வந்த இரண்டு பிளேடு

நடுத் துளையில் ஆள்காட்டி விரலை விட்டுப் பிளேடைத் தொங்கவிட்டு, ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினாள். "டொக்" என்றது.

பின்வாசல் படியில் பழைய சாக்கை விரித்து, அரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடைத் தீட்டத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். தட்டியது வெறும் பழக்கதோஷம். நல்ல இரும்பு என்றால் கணீரென்று ஒலிக்கும். அடித்து முடித்த பிறகும் ஒரு ரீங்காரம் காதில் நிற்கும். இதுவோ மரக்கட்டையைத் தட்டியது போல அங்கேயே செத்துப்போயிற்று.

விரலை இறுக்கிப் பிடித்திருப்போம், அதனால் சத்தம் அமுங்கியிருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, கதவு நிலையில் இருந்த ஆணியில் மாட்டித் தட்டினாள். டொக். மறுபக்கம் திருப்பித் தட்டினாள். அதே டொக். 

உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் பாட்டிலையும், முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவையும் எடுத்து வந்தாள். துளையைச் சுற்றியிருந்த பச்சைப் பெயின்ட்டை அரத்தால் சுரண்டினாள். மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, துணியால் அழுத்தித் துடைத்து, மேலே பவுடரை மெல்லியதாகத் தூவினாள். பிறகு காத்திருந்தாள். வெள்ளைப் பவுடரின் நடுவே, துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிளேடுப் பல்லின் அடிவரைக்கும் போய் நின்றது. உள்ளே போன மண்ணெண்ணெய் விரிசல் வழியாகத் திரும்பி வருகிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்தப் பிளேடுக்கு ஒரு ஜோடி உண்டு. ஒரே பெட்டியிலிருந்து வந்தது, அதே பச்சைப் பெயின்ட். அதை அவள் கணவர் காலை ஏழு மணிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்; இதைத் தீட்டிக்கொண்டு அவள் பின்னால் போவதாக ஏற்பாடு. இப்போது மணி ஒன்பதரை. இந்நேரம் அது அவருடைய இயந்திரத்தின் நுனியில், அவர் காலுக்கு நாலு முழம் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவள் கையிலிருந்த பவுடர் டப்பா கீழே விழுந்து உருண்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதென்ன ஒரு இரும்புத் தகட்டுக்கா இத்தனை பதற்றம் என்று தோன்றும். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தோட்ட வேலை பார்க்கிறவர்கள் இவர்கள். புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போவார். வெட்டிய புல்லை வாரி எடுத்துக்கொண்டு இவள் பின்னால் போவாள். அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். ஆள் உயரம் என்பதால் நெட்டை என்றே பெயர். ஒருநாள் நெட்டையின் இயந்திரத்தில் பிளேடு உடைந்து, ஒரு துண்டு பூட்ஸைக் கிழித்துக்கொண்டு கணுக்காலுக்கு மேலே இறங்கிவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது இவள் கணவர்தான். நெட்டை இப்போது ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு வந்த சட்டம்தான் இந்தத் தட்டுகிற சட்டம்: தட்டிப் பார்க்காத இரும்பு வீட்டுக்குள் வரக்கூடாது.

அப்படியானால் அவரே தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் கோளாறு. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த இயந்திரத்தின் அலறலைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது பாதி போய்விட்டது. உரக்கப் பேசினால் கேட்கும். ஆனால் ரீங்காரம் கேட்காது. கணீருக்கும் டொக்குக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் வாங்குவது, தட்டுவது, கேட்பது எல்லாம் அவள் பொறுப்பு. மாலையில் அவர் ஒவ்வொன்றாக எடுத்து, "தட்டியாச்சா?" என்பார். "ஆச்சு" என்பாள். அவ்வளவுதான், அவர் மாட்டிவிடுவார்.

அது வீட்டில் ஒரு கேலியாகவே ஆகிவிட்டிருந்தது. தர்பூசணி வாங்கி வந்தால் "தட்டியாச்சா?" புதுச் சட்டி வந்தால் "தட்டியாச்சா?" மகளுக்கு வரன் பார்த்துவிட்டு அவள் வந்தபோதுகூட, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னே, "மாப்பிள்ளையைத் தட்டியாச்சா?" என்று கேட்டு அவளை விழுந்து விழுந்து சிரிக்கவைத்தார். மகளும் மாப்பிள்ளையும் இப்போது வேறு ஊரில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அவள் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பாதிக் காது, அதன்மேல் காதடைப்பான், அதன்மேல் இயந்திரத்தின் கூச்சல். எங்கே கேட்கப்போகிறது? மறுபடி அழுத்தினாள். மறுபடி. அவர் புல் வெட்டப் போயிருந்த பள்ளிக்கூடத்தின் அலுவலகத்துக்குப் போட்டாள். விடுமுறை, எடுக்க ஆளில்லை. கதவைச் சாத்தினாளா என்றுகூட நினைவில்லை. தெருமுனைக்கு ஓடினாள்.

கைகாட்டியதும் ஒரு ஆட்டோ நின்றது. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவே இரண்டு தடவை முயற்சி செய்யவேண்டியிருந்தது. 

"லீவுதானேம்மா, அங்க எதுக்கு?" என்றார் ஆட்டோக்காரர்.

"போங்கண்ணே. சீக்கிரம் போங்க. புண்ணியமாப் போகும்."

ஆட்டோ கிளம்பியது. அவளுக்கு நேற்றைய நாள் முழுவதும் கண்முன் வந்து நின்றது.

நாலு வீட்டுத் தோட்டம் பார்த்துப் பிழைத்தவர்களுக்கு முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடமே கிடைத்திருந்தது. இரண்டு மாத விடுமுறையில் மைதானம் முழுக்க இடுப்பளவு புல். மூன்று நாளில் பள்ளி திறக்கிறது. கருவிகளெல்லாம் நீங்களே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக வாங்கக் கையில் காசு ஏது? பழைய சாமான் சந்தைதான் கதி. அந்தச் சந்தையில் அவள் கொஞ்சம் பிரபலம். "தட்டுற அக்கா வருது, நல்லதை உள்ள எடுத்து வை" என்று வியாபாரிகள் கிண்டல் செய்வார்கள்.

பெருமைக்குச் சொல்லவில்லை, அவளுக்கு அந்த வேலை நன்றாகவே வரும். பெயின்ட் அடித்த கைப்பிடியை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். மரத்தில் வெடிப்பை மறைக்கத்தானே பெயின்ட். துருவைக் கண்டு பயப்படமாட்டாள். நகத்தால் சுரண்டி, அடியில் குழி விழாமல் இருந்தால் எடுத்துக்கொள்வாள். வேலிச்செடி வெட்டும் கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு அலகுக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பாள். மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவாள். எல்லாம் முடிந்து கடைசியில் தட்டுவாள். நேற்று மண்வெட்டி, கடப்பாரை, இரண்டு அரிவாள், கத்தரி, வாரி என்று பதினொரு சாமான். பதினொன்றையும் தட்டினாள். இரண்டு மணி நேரம் அந்த வியாபாரியின் உயிரை எடுத்துவிட்டாள்.

கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, போதும். இந்தா, இந்த ரெண்டு பிளேடையும் சும்மா எடுத்துக்க. உன் வீட்டுக்காரர் மெஷினுக்குச் சேரும். காசு வேணாம், நீ கிளம்பினாப் போதும்."

இரண்டு பிளேடு, சும்மா! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை பதினொரு சாமானைக் குடைந்தெடுத்தவள், அந்த இரண்டையும் வாங்கிய வேகத்தில் சாக்கில் போட்டுக் கட்டினாள். பஸ் வேறு வந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்குவதைத்தான் சந்தேகப்படவேண்டும் என்று ஒரு நினைப்பு அவளுக்கு. அது தனக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் பெயின்ட்டைக் கண்டால் விலகிப் போகிறவள், இரும்பில் கண்டதும் மயங்கிப்போனாள்.

"ஒரு நிமிஷம்மா, பெட்ரோல் போட்டுக்கிறேன்" என்று ஆட்டோக்காரர் வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

"ஐயோ, வேண்டாம்ணே!"

"வழியில நின்னுட்டா என்ன பண்றது? நீங்களா தள்ளுவீங்க?"

முன்னால் மூன்று வண்டி நின்றது. அவள் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தாள். இன்னும் பாதித் தூரம் இருந்தது. போனை அழுத்தினாள். மணி அடித்தது, நின்றது.  அடக் கடவுளே, எல்லாருடைய வண்டிக்கும் இப்போதுதான் தாகம் எடுக்க வேண்டுமா?

அந்த மூன்று வண்டி நகருவதற்குள் நேற்று மாலையும் அவளை விடவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். வீட்டில் சாக்கைக் கொட்டியதும் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்வெட்டியை எடுத்து, "தட்டியாச்சா?" "ஆச்சு." கடப்பாரை. "தட்டியாச்சா?" "ஆச்சு." பதினொரு கேள்வி, பதினொரு ஆச்சு. பன்னிரண்டாவதாகப் பிளேடை எடுத்தார். "இதுதான் இனாமா வந்ததா? தட்டியாச்சா?"

"ஆச்சு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மறுகணமே தெரிந்துவிட்டது. இல்லைங்க, இது ரெண்டையும் தட்டலை, இருங்க தட்டிடறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதற்குள் அவர் சிரித்து, "கெட்டிக்காரிடி நீ" என்றுவிட்டார். அந்த ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. காலையில் அவர் போவதற்கு முன் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டாள். காலையில் மறந்தே போனாள். பாவி, எப்படி மறந்தேன்?

பள்ளிக்கூட வாசலில் இறங்கி ஓடினாள். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"அவர்... அவர் எங்க?"

"பின்னாடிதான். காலையிலேர்ந்து நிறுத்தவே இல்லை. கேக்கலையா சத்தம்?"

கேட்டது. கட்டிடத்துக்குப் பின்னாலிருந்து இயந்திரத்தின் அலறல் வந்துகொண்டிருந்தது. அந்த நாராசமான சத்தம் அவளுக்கு அப்போது அமிர்தமாக இருந்தது. ஓடுகிறது என்றால் அவர் நிற்கிறார். நிற்கிறார் என்றால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நொடியே, ஓடுகிறது என்றால் பிளேடும் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்று பின்பக்கம் ஓடினாள்.

மூலை திரும்பியதும் அவர் முதுகு தெரிந்தது. தலையில் ஹெல்மெட், முகத்தை மூடிய வலை, தோளில் வார். இடமும் வலமுமாக வீசி வீசி நடந்துகொண்டிருந்தார். பாதி மைதானம் முடிந்திருந்தது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடக்கூடாது. தொட்டால் திடுக்கிட்டுத் திரும்புவார். அவரோடு பிளேடும் திரும்பும். அதனால் அவர் கண்ணில் படவேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு முன்னால்தான் போகவேண்டும். முன்னால் வெட்டாத புல். உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. அவளுக்குக் கண்முன் நெட்டையின் பூட்ஸ் வந்தது. கிழிந்த ஓட்டை வழியாகச் சாக்ஸ் சிவப்பாகத் தெரிந்த அந்தப் பூட்ஸ்.

புல்லுக்குள் இறங்கினாள். இடுப்பளவு புல், காலில் சுற்றிக்கொண்டது. பத்தடி தள்ளி அவருக்கு எதிரே வந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் கண்ணெல்லாம் புல்லில்தான். அப்போது பிளேடு ஒரு கல்லில் பட்டது. "டங்" என்று ஒரு சத்தம், உடனே இயந்திரத்தின் குரல் மாறி அதிர ஆரம்பித்தது.  செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது புல்லுக்குள் விழுந்து காணாமல் போனது. இன்னொன்றைக் கழற்றி, குறி பார்த்து, அவர் காலுக்கு முன்னால் எறிந்தாள்.

பிளேடு அதைக் கவ்வியது. நீல ரப்பர் துண்டு துண்டாகத் தெறித்தது. அவர் திடுக்கிட்டு விசையை விட்டார், தலை நிமிர்ந்தது, எதிரே வெறும் காலோடு, தலைவிரிகோலமாக நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார்.

விசையை விட்டாலும் பிளேடு உடனே நிற்காது. அது தன்பாட்டுக்குச் சுற்றி, சுற்றி, ஓய்ந்து, கடைசியாக ஒரு பாதிச் சுற்றுச் சுற்றி நின்றது. அதுவரைக்கும் அவள் அசையவில்லை.

"பைத்தியமா உனக்கு?" அவர் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார். "முன்னாடி வந்து நிக்கிறியே, செத்துப் போயிருப்படி!"

 பிளேடைக் கையால் காட்டினாள். "கழட்டுங்க."

அவர் இயந்திரத்தைக் கீழே வைத்து, நட்டைத் திருகிப் பிளேடைக் கழற்றினார். புல்சாறும் மண்ணும் அப்பியிருந்தது. கட்டை விரலால் துடைத்தார். துளையிலிருந்து ஒரு கோடு. வீட்டில் இருந்ததைப் போலப் பல்லடியோடு நிற்கவில்லை. அதையும் தாண்டி, பல்லின் விளிம்புக்கு ஒரு விரல்கடை முன்வரை போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து லேசாக மடக்கிப் பார்த்தார். பிஸ்கட் மாதிரி உடைந்து, ஒரு பாதி அந்தக் கையிலும் ஒரு பாதி இந்தக் கையிலும் வந்தது.

இரண்டு பாதியையும் அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"இது தட்டினதுதானே?" என்றார். அவள் காது தவறிவிட்டதோ என்கிற கவலைதான் அவர் குரலில் இருந்தது. பொய் என்கிற எண்ணமே அவருக்கு வரவில்லை. ஆமாம், காதில் சரியாக விழவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அது அவளுக்கும் தெரிந்தது.

"தட்டலைங்க."

"என்ன?"

அவருக்குக் கேட்கவில்லை. அவள் இன்னும் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. "தட்டலை! சும்மா குடுத்தான்னு தட்டாமலே எடுத்துட்டு வந்துட்டேன். நீங்க கேட்டப்ப ஆச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

சத்தம் மைதானம் முழுக்கப் போய்ச் சுவரில் மோதியது. தூரத்தில் வாட்ச்மேன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ரெண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.  அவர் அப்படியே வெட்டின புல்மேல் உட்கார்ந்தார்.  தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் அவளிடம் நீட்டினார். அவளுக்கும் திறக்க வரவில்லை. இரண்டு பேருமாகத் திறந்தார்கள். அரைமணி கழித்து, பையில் கிடந்த தேய்ந்த பழைய பிளேடை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவள் வெறும் காலோடு பின்னால் வாரிக்கொண்டு போனாள். சாயங்காலம் வரை வேலையைத் தவிர வேறு பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவர் பின்வாசலுக்குப் போனார். அடுப்படியில் இருந்த அவளுக்கு, சாமான்களை ஒவ்வொன்றாகச் சிமென்ட் தரையில் பரப்பும் சத்தம் கேட்டது. நேற்று வந்த பதினொன்று. அதன் பிறகு பரணிலிருந்து பழையவை. ஐந்து வருஷம், எட்டு வருஷம் முன்பு அவள் தட்டி வாங்கிவந்தவை. அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அவர் மண்வெட்டியின் தகட்டை ஸ்பேனரால் தட்டினார். கணீரென்றது. அடுப்படி வரைக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. தட்டிய கையோடு குனிந்து, தகட்டின் விளிம்பைக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காதில் விழாததை எலும்பில் வாங்கிப் பார்க்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திருப்தி ஆனதும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அரிவாளை எடுத்தார். தட்டினார். பல்லில் வைத்தார். வாயெல்லாம் துருவும் மண்ணும்.

அவள் போய் எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவை அவர் கை அடுத்த சாமானுக்குப் போகும்போதும், இப்போது "தட்டியாச்சா?" என்று கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தாள். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. அவள் ஒருநாளும் தட்டாமல் வாங்கியதில்லை, அந்த இரண்டைத் தவிர. அதை எப்படிச் சொல்வது, யார் நம்புவார்கள்?

கடைசியாகக் கத்தரி. அவர் தட்டினார். கணீரென்ற சத்தம் நீண்டுகொண்டே போயிற்று.

"நல்லா கேக்குதுங்க" என்றாள் உரக்க.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு கத்தரியை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.